அளவையைச் சோதிக்கும் கல்வி

(கெங்குவார்பட்டியில் நடைபெற்ற நமது கல்விச் சங்க வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

      

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் ஆற்றியுள்ள தொண்டினைப் பாராட்டிப் பேசச் சான்றோர் பலர் இங்கே வீற்றிருக்கின்றனர். எனக்கு விழாக் குழுவினர் இட்ட பணி வேறு. "நம் இளைஞர்கள் கற்று முன்னேறத் தக்க புதியதொரு தொழிற்கல்வியைப் பற்றிப் பேச வேண்டும், கேட்பவருக்கு விளங்குமாறு பேச வேண்டும்" எனப் பணித்தனர். அதன்படி, இணையத்தளங்கள் சரியாக இயங்குகின்றனவா என்பதனைத் தானியங்கு முறையில், மேகக் கணினி மேடையின் துணைகொண்டு சோதிக்கும் கலையைப் பற்றி உங்களிடையே சில கருத்துகளைக் கூற விழைகின்றேன். நான் வரலாறு பயின்றவன். பொறியியல் பயின்றவன் அல்லன். என்னிடம் பயின்று இன்று சென்னையிலும் பெங்களூரிலும் இத்துறையில் பணிபுரியும் மாணவர்களிடம் கேட்டும், அவர்கள் வழிகாட்டப் பள்ளிக் கணினியில் செய்து பார்த்தும் அறிந்தவற்றையே கூறுகின்றேன்.

இப்பொருள் நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணிப் பாருங்கள். இன்று சாதிச் சான்றிதழ் வேண்டுமா? வருமானச் சான்றிதழ் வேண்டுமா? கல்வி உதவித்தொகை வேண்டுமா? கல்லூரிச் சேர்க்கை வேண்டுமா? அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா? எல்லாவற்றிற்கும் வாயில் இணையத்தளமே. தாழ்த்தப்பட்ட மாணவருக்கான பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வி உதவித்தொகை 1944ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலம் அது. அன்று அந்த உதவியைப் பெறத் தாளில் எழுதி, தபாலில் சேர்த்தால் போதும். இன்று கைப்பேசித் திரையில் உள்ள ஒரு பொத்தான் வேலை செய்தால்தான் அந்த விண்ணப்பம் உரிய இடம் போய்ச் சேரும்.

அந்தப் பொத்தான் வேலை செய்யாவிடில் என்ன நேரும்? எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவி, உதவித்தொகைக்கான விண்ணப்பம் ஒன்றைத் தன் தாயின் பழைய கைப்பேசியில் நிரப்பினாள். எங்கள் பக்கத்தில் பெயர் என்பது ஒரே சொல். அதன் முன்னே தந்தையின் பெயர் ஓரெழுத்தாய் நிற்கும். அந்தத் தளமோ குடும்பப் பெயரைக் கேட்டது. வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. ஒருவாறு அதனைக் கடந்தபின், பிறந்த நாளைக் குறிக்கும் நாட்காட்டி அந்தக் கைப்பேசியில் விரியவில்லை. இறுதியில் 'சமர்ப்பி' என்னும் பொத்தான் திரையின் கீழ்விளிம்புக்கு அப்பால் மறைந்து கிடந்தது. மறுநாள் தாயும் மகளும் வேலையை விட்டுப் பெரியகுளம் சென்று, ஒரு கணினி நிலையத்தில் பணம் கொடுத்து அதே விண்ணப்பத்தைப் பத்து நிமிடத்தில் முடித்து வந்தனர். தளத்தை அமைத்தவரின் பெரிய கணினியில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். அந்தத் தாயின் கைப்பேசியில் அது எவ்வாறு தோன்றும் என்று யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் குற்றம். ஆனால் அந்தக் குற்றத்திற்கு ஒரு நாள் கூலியைத் தண்டமாகக் கட்டியவர் யார்?

பெரியோர்களே! கூலி நெல் அளக்க ஒரு மரக்காலும், கடன் நெல்லைத் திரும்ப வாங்க வேறொரு மரக்காலும் வைத்திருந்த வீடுகளைப் பற்றி நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அளக்கும் கருவி சரியானதா என்று கேட்கும் உரிமை, அளந்து வாங்குபவனுக்கு அன்று இல்லை. 1956ஆம் ஆண்டில் எடை, அளவைத் தரச் சட்டம் வந்தது. அளவைகளை ஆய்வாளர் சோதித்து முத்திரையிட்ட பின்னரே கடையில் பயன்படுத்தலாம் என்னும் முறை நாடெங்கும் வேரூன்றியது. அதுவும் ஒரு முறை முத்திரையிட்டால் என்றென்றைக்கும் போதும் என்பதன்று. குறித்த காலந்தோறும் மீண்டும் சோதிக்க வேண்டும். இன்று நம் உரிமைகளை அளந்து தரும் மரக்கால் இணையத்தளம். அதனைச் சோதித்து முத்திரையிடும் தொழில்தான் நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், ஒரே தளம் ஒரு கருவியில் நன்றாகவும் மற்றொன்றில் குறையாகவும் தோன்றுவது ஏன் என்பதனைப் பார்ப்போம். இணையப் பக்கம் என்பது அச்சடித்த தாள் போன்றதன்று. அது ஒரு குறிப்பு. 'இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பொத்தான், அதனை அழுத்தினால் இன்னது நிகழ்க' என்னும் கட்டளைத் தொகுப்பு. அதனைப் படித்துத் திரையில் வரைந்து காட்டும் மென்பொருளே பிரவுசர் எனப்படும் உலாவி. ஒரே நாடகத்தை இரு குழுவினர் நடித்தால் இருவகையாக அமைவது போல, ஒரே கட்டளையை உலாவிகள் சிறிது வேறுபடப் பொருள் கொள்வது உண்டு. இன்று குரோம், பயர்பாக்ஸ், சபாரி என்பன பெருவழக்கில் உள்ளன. இவற்றின் உள்ளே இயங்கும் வரைபொறிகள் முறையே பிளிங்க், கெக்கோ, வெப்கிட் என மூன்று. இவற்றிலும் பழைய பதிப்பு, புதிய பதிப்பு என வேறுபாடு உண்டு. விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எனக் கருவிகள் வேறு. சிறிய திரை, பெரிய திரை எனத் திரைகள் வேறு. இவற்றைப் பெருக்கினால் சேர்க்கைகள் நூற்றுக்கணக்கில் வரும். செய்வோன் தன் மேசைமேல் உள்ள ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு 'முடிந்தது' என்கின்றான். மீதியை மக்கள் தம் இழப்பால் சோதிக்கின்றனர்.

சோதனையைக் கடைசிக்கு ஒத்திவைத்தால் வல்லரசும் தலைகுனிய நேரும் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 2013 அக்டோபர் 1ஆம் நாள், அமெரிக்க நாட்டில் மருத்துவக் காப்பீடு பெறுவதற்கென ஹெல்த்கேர் டாட் கவ் என்னும் அரசுத் தளம் திறக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் உள்ளே நுழைய முயன்றனர். முதல் நாளில் முழுமையாகப் பதிவு முடித்தோர் 6 பேர் மட்டுமே! பின்னர் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்ற ஒப்பந்ததாரர்கள், தொடக்கம் முதல் முடிவு வரையிலான முழுச் சோதனை கடைசி இரண்டு வாரங்களில்தான் நடைபெற்றது என்று தெரிவித்தனர். அங்கே நிகழ்ந்த கோளாறுகள் பலவகைப்பட்டவை. உலாவி பற்றியவை மட்டும் அல்ல. ஆயினும் பாடம் ஒன்றே. சோதனையைத் தொடக்கத்திலிருந்தே, இடைவிடாது செய்தல் வேண்டும்.

இடைவிடாது செய்வது எப்படி? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு விண்ணப்பத் தளத்திற்கு 40 சோதனைகள் தேவை எனக் கொள்வோம். அவற்றை 6 வகைக் கருவிகளில் செய்து பார்க்க வேண்டும். மொத்தம் 240 சோதனைகள். மனிதர் ஒருவர் கையால் செய்தால் ஒன்றுக்கு 5 நிமிடமாக 1,200 நிமிடம். அதாவது 20 மணி நேரம். தளத்தில் ஒரு வரியை மாற்றினாலும் மீண்டும் 20 மணி நேரம்! ஏனெனில் ஓரிடத்தில் செய்த திருத்தம், ஏற்கெனவே நன்றாக இருந்த வேறோரிடத்தைக் கெடுப்பது இத்தொழிலில் அன்றாட நிகழ்ச்சி. இந்தச் சலிப்பூட்டும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாமே என்னும் எண்ணத்தில் பிறந்ததே தானியங்கு சோதனை.

2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், ஊழியர்களின் வேலை நேரத்தையும் செலவுகளையும் பதியும் தளம் ஒன்றைச் சோதிப்பதற்காக ஒரு கருவியைச் செய்தார். அதுவே செலினியம். அக்காலத்தில் இத்துறையில் விலையுயர்ந்த கருவிகளை விற்றுவந்த பெருநிறுவனத்தின் பெயரில் மெர்க்குரி, அதாவது பாதரசம் என்னும் சொல் இருந்தது. பாதரச நஞ்சுக்கு மாற்று செலினியம் என்பதால் வேடிக்கையாக அப்பெயரை இட்டனர். பின்னர் சைமன் ஸ்டூவர்ட் என்பவர் உருவாக்கிய வெப்டிரைவர் இதனுடன் இணைந்தது. 2018ஆம் ஆண்டில் வெப்டிரைவர் முறை உலக இணையத் தர அமைப்பின் பரிந்துரையாகவே ஏற்கப்பட்டது. செலினியத்தை யாரும் விலையின்றிப் பெறலாம். அதன் உள்ளமைப்பையும் படித்துப் பார்க்கலாம். ஒரு காலத்தில் செல்வர்க்கே உரியதாயிருந்த கருவி, இன்று ஏழை மாணவன் கையிலும் இருக்கின்றது என்பதனை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

கருவி கிடைத்தது. ஆனால் நூற்றுக்கணக்கான கைப்பேசிகளுக்கும் கணினிகளுக்கும் எங்கே போவது? இங்கேதான் மேகக் கணினி மேடை வருகின்றது. மேகம் என்றவுடன் வானத்தைப் பார்க்க வேண்டா. எங்கோ ஓரிடத்தில் உள்ள கணினிகளை, இணையத்தின் வழியாக வேண்டும்போது வேண்டும் அளவு பயன்படுத்திக்கொள்ளும் முறையே அது. நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு இதனை விளக்குவது எளிது. 1895ஆம் ஆண்டு முதல் முல்லைப் பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் வருகின்றது. உழவர் ஒவ்வொருவரும் தனித்தனியே அணை கட்டவில்லை. பொதுவான ஓர் அணையிலிருந்து வாய்க்கால் வழியே முறை வைத்து நீர் பாய்ச்சுகின்றனர். அதுபோலவே, வாங்க இயலாத கருவிகளை முறை வைத்துப் பயன்படுத்துகின்றோம்.

இத்தகைய மேடைகளுள் உலகப் புகழ் பெற்ற ஒன்று நம் நாட்டிலேயே தோன்றியது. 2011ஆம் ஆண்டில் மும்பையில், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ரித்தேஷ் அரோரா, நகுல் அகர்வால் என்னும் இருவர் பிரவுசர்ஸ்டாக் நிறுவனத்தைத் தொடங்கினர். தாங்கள் அமைத்த இணையத்தளம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் பல்வேறு பதிப்புகளில் எவ்வாறு தோன்றுகிறது என்று பார்க்கப்பட்ட தொல்லையே அவர்களை இவ்வழியில் திருப்பியது. 2021ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் மதிப்பு 400 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. அவர்களது நிலையங்களில் ஆயிரக்கணக்கான உண்மையான கைப்பேசிகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. கெங்குவார்பட்டியில் அமர்ந்துகொண்டு, தொலைவில் உள்ள ஒரு கைப்பேசியின் திரையை நாம் தொட்டு இயக்கலாம். தமக்கு நேர்ந்த தொல்லையை ஒரு பொதுத் தேவை என்று கண்டுகொண்டதே அவர்தம் வெற்றியின் வித்து. தொல்லைகளுக்கு நம்மிடம் பஞ்சமா?

இனி, இம்முறையை நிறுவுவது எப்படி என்பதனைப் படிப்படியாகக் கூறுகின்றேன். மாணவர்கள் குறித்துக்கொள்க.

முதற்படிக்குக் கணினி தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும். தளத்தில் ஒருவர் செய்யும் ஒவ்வொரு செயலையும், அதன்பின் நிகழ வேண்டியதையும் தமிழில் எழுதுக. 'பெயர்ப் பெட்டியில் ஒற்றைப் பெயரும் தலைப்பெழுத்தும் இட்டால் அடுத்த பக்கம் திறக்க வேண்டும்.' 'வருமானத்திற்கு எழுத்தை இட்டால் பிழைச் செய்தி வர வேண்டும். நிரப்பிய மற்றவை அழியக் கூடாது.' 'சான்றிதழ்ப் படம் அளவுக்கு மிகுந்தால், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தமிழில் சொல்ல வேண்டும்.' செயல் ஒன்று, எதிர்பார்ப்பு ஒன்று. இவை இரண்டும் சேர்ந்ததே ஒரு சோதனை. எதிர்பார்ப்பு இல்லாத செயல் வெறும் வேடிக்கை பார்த்தலேயாகும்.

இரண்டாம் படி, கருவிகளைத் தெரிந்தெடுத்தல். எல்லாவற்றிலும் சோதிக்க யாராலும் இயலாது. தளத்தைப் பயன்படுத்தப் போகும் மக்களிடம் உள்ளவை எவை என்று கணக்கெடுத்து, ஐந்தாறு சேர்க்கைகளைத் தெரிந்துகொள்க. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி, நான்கைந்து ஆண்டு பழைய கைப்பேசி, விண்டோஸ் கணினியில் குரோம், அதிலேயே பயர்பாக்ஸ், ஐபோனில் சபாரி எனப் பட்டியல் அமையலாம்.

மூன்றாம் படி, சொந்தக் கணினியில் நிரல் எழுதுதல். பைத்தான் என்னும் மொழி தொடக்க மாணவர்க்கு எளியது. அதனையும் செலினியம் தொகுப்பையும் கணினியில் நிறுவிக்கொள்க. நிரல் செய்யும் வேலை ஐந்தே வகை: உலாவியைத் திற, பக்கத்திற்குச் செல், பெட்டியைக் கண்டுபிடி, எழுது அல்லது அழுத்து, வந்த விடை எதிர்பார்த்ததுதானா என ஒப்பிடு. முன்பு ஒவ்வோர் உலாவிக்கும் உரிய இணைப்பு மென்பொருளை நாமே தேடி நிறுவ வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டில் வந்த பதிப்பிலிருந்து செலினியமே அதனைத் தேடிக்கொள்கின்றது. ஒரேயொரு சோதனையை எழுதி, அது சொந்தக் கணினியில் வெற்றி பெறுவதைப் பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்க.

நான்காம் படி, மேடையில் இணைதல். கணக்கு ஒன்று தொடங்கினால் ஒரு பயனர் பெயரும் ஓர் அணுகு திறவுகோலும் தருவர். நிரலில், 'என் கணினியில் உள்ள உலாவியைத் திற' என்று இருந்த வரியை, 'தொலைவில் இந்த முகவரியில் உள்ள உலாவியைத் திற' என மாற்ற வேண்டும். இன்ன இயங்குதளம், இன்ன உலாவி, இன்ன பதிப்பு, இன்ன கைப்பேசி என்னும் தேவைப் பட்டியலை அதனுடன் இணைக்க வேண்டும். சோதனையின் மற்ற வரிகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மேடையானது கேட்ட கருவியை எடுத்து, சோதனையை நடத்தி, நடந்ததனைத்தையும் காணொளியாகவும் படங்களாகவும் குறிப்பேடாகவும் நமக்குத் தந்துவிடும். இன்னும் பொதுமக்களுக்குத் திறக்கப்படாத தளமாயின், நம் கணினிக்கும் மேடைக்கும் இடையே பாதுகாப்பான சுரங்கவழி ஒன்றை அமைத்துச் சோதிக்கவும் வசதி உண்டு.

ஐந்தாம் படி, இணையாக ஓட்டுதல். முன்னே கண்ட 240 சோதனைகளை இயந்திரம் ஒன்றுக்கு ஒரு நிமிடமாக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் 4 மணி நேரம். ஒரே சமயத்தில் ஐந்து கருவிகளில் நடத்தினால் 48 நிமிடம். இருபது மணி நேர மனித உழைப்பு, ஒரு பாடவேளையளவில் முடிந்துவிடுகின்றது.

ஆறாம் படி, தானே தொடங்கச் செய்தல். நிரலைக் கிட்ஹப் போன்ற பொதுச் சேமிப்பிடத்தில் வைத்து, 'யார் எந்த வரியை மாற்றினாலும் சோதனைகள் அனைத்தையும் ஓட்டுக. நாள்தோறும் இரவிலும் ஒருமுறை ஓட்டுக' என ஒரு சிறு கட்டளைக் கோப்பை எழுதி வைக்கலாம். ஆக்‌ஷன்ஸ் என்னும் இவ்வசதி 2019ஆம் ஆண்டு முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. எல்லார்க்கும் திறந்து வைத்த நிரல்களுக்கு அது விலையின்றிக் கிடைக்கின்றது. சோதனை வென்றால் பச்சை; தோற்றால் சிவப்பு. சிவப்பு கண்டவுடன் திருத்த வேண்டும். அளவைக்குக் காலந்தோறும் முத்திரையிடுவது என்று முன்னே கூறினேனே, அது இதுதான்.

பொருட்செலவு பற்றி ஐயம் எழும். இம்மேடைகள் வணிக நிறுவனங்களுடையவை. தொடக்கத்தில் சிறிது காலம் விலையின்றிப் பார்க்கலாம், பின்னர்க் கட்டணம் உண்டு. ஆயினும் எல்லார்க்கும் திறந்த மென்பொருள் முயற்சிகளுக்குப் பிரவுசர்ஸ்டாக் விலையின்றி இடம் தருகின்றது. 2020ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட பிளேரைட் என்னும் கருவியோ முற்றிலும் விலையற்றது. குரோமியம், பயர்பாக்ஸ், வெப்கிட் என மூவகை உலாவிகளையும் நம் கணினியிலேயே அது இயக்கிக் காட்டும். உண்மையான கைப்பேசிக்கு அது முழு ஈடாகாது என்பது மெய். கற்பதற்குத் தாராளமாகப் போதும்.

இனிச் சில எச்சரிக்கைகள். அணுகு திறவுகோல் வீட்டுச் சாவியைப் போன்றது. அதனை நிரலுக்குள் எழுதிப் பொதுவில் வைக்கலாகாது. கணினியின் சூழல் மாறிகளில் தனியே மறைத்து வைக்க வேண்டும். இரண்டாவது, சோதனைக்கு உண்மையான மாணவரின் ஆதார் எண்ணையோ, வங்கிக் கணக்கையோ, சாதிச் சான்றிதழையோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கற்பனைப் பெயர்களையும் எண்களையும் உருவாக்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, பக்கம் திறக்கக் காலமாகும் என்று கருதி 'பத்து நொடி பொறு' எனக் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாகாது. 'இந்தப் பொத்தான் தோன்றும்வரை பொறு' என்று எழுதுக. இன்றேல் இன்று வென்ற சோதனை நாளை காரணமின்றித் தோற்கும். அடிக்கடி பொய்க்கும் சோதனையை யாரும் மதியார். நான்காவது, பிறருடைய தளத்தில் அவர்தம் இசைவின்றி இயந்திரச் சோதனை நடத்துதல் முறையன்று. சட்டச் சிக்கலும் நேரும். மனிதனா இயந்திரமா என்று கேட்கும் எழுத்துப் புதிரும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணும் இயந்திரத்தைத் தடுப்பதற்கென்றே வைக்கப்பட்டவை. சொந்தத் தளத்திலும், இசைவு பெற்ற தளத்திலுமே இக்கலையைப் பயில்க.

இளைஞர்களே! இப்பொழுது உங்கள் உள்ளத்தில் ஒரு வினா எழலாம். 'செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. சோதனை நிரலை அதுவே எழுதுகின்றதே, நாங்கள் எதற்கு?' என்பதே அது. நல்ல வினா. நிரலின் வரிகளை எழுதும் வேலை எளிதாகிவருகின்றது என்பது உண்மை. பொத்தானை வெறுமனே அழுத்திப் பார்க்கும் வேலையை மட்டும் கற்றவனுக்கு இனி இடம் குறைவு என்பதும் உண்மை. ஆனால் எதனைச் சோதிக்க வேண்டும் என்பதனை யார் சொல்வது? ஒற்றைப் பெயர் உடையவன் விண்ணப்பிப்பான் என்பதும், தந்தை இல்லாத பிள்ளைக்குத் தாயின் பெயரே தலைப்பெழுத்தாகும் என்பதும், மலையடிவாரத்தில் இணையம் இடையிலே அறுந்து மீண்டும் வரும் என்பதும், ஒரே கைப்பேசியை ஐந்து பேர் பயன்படுத்துவர் என்பதும், நிலையான வீட்டெண் இல்லாத குடியிருப்பும் உண்டு என்பதும் யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும். வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து தெளிதல்' என்று ஐம்பத்தொன்றாம் அதிகாரத்தையே வகுத்தார். நம்புவதற்கு முன் ஆராய்தல் அறிவுடையோர் கடமை. ஆராய்வதற்கோ, எங்கே பழுது நேரும் என்னும் வாழ்க்கை அறிவு வேண்டும். நீங்கள் குறையெனக் கருதி மறைத்துக்கொள்ளும் அனுபவமே இத்தொழிலில் உங்கள் முதலீடு.

நாம் தலைமுறை தலைமுறையாகச் சோதிக்கப்பட்டவர்கள். உன் சான்றிதழ் எங்கே, உன் மதிப்பெண் எத்தனை, உனக்குத் தகுதி உண்டா என்று கேள்விகள் எல்லாம் நம்மை நோக்கியே வந்தன. அக்கேள்விகளுக்கு விடையளித்து விடையளித்தே இவ்விருபத்தைந்து ஆண்டுகளில் ஆசிரியர்களும் அலுவலர்களும் செவிலியர்களும் இச்சங்கத்தின் நிழலில் உருவாயினர். இனி மேசையின் மறுபக்கத்திலும் நாம் அமர வேண்டும். 'இந்தத் தளம் கடைசி மனிதனுக்கும் பயன்படுமா? பயன்படும் எனில் சான்று காட்டு' என்று கேட்கும் இடத்தில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும். இதற்கு நகரத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011ஆம் ஆண்டு முதல் சோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்கிவருகின்றது. பள்ளிப் படிப்பு முடித்தோரைச் சேர்த்து மென்பொருள் பயிற்றுவதை அந்நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகின்றது. தமிழக அரசு 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் இத்தகைய திறன்களை மாணவர்க்கு ஊட்டும் நோக்கத்ததே. வாயில்கள் உள்ளன, தட்டுவோர்தாம் வேண்டும்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வெள்ளி விழா நினைவாகக் கல்வெட்டு ஒன்று நாட்டலாம், மகிழ்ச்சியே. அதனோடு ஒரு சோதனைக் கூடத்தையும் தொடங்குக. இரண்டு பழைய கணினிகளும், ஓர் இணைய இணைப்பும், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரமும் போதும். உதவித்தொகைகளின் பெயர், தகுதி, கடைசி நாள் ஆகியவற்றைத் தமிழில் தெரிவிக்கும் சிறியதோர் இணையத்தளத்தைச் சங்கமே அமைக்கட்டும். அதனைக் கட்டுவதும் நம் பிள்ளைகளே, சோதிப்பதும் நம் பிள்ளைகளே ஆகுக. முதலாண்டில் 40 சோதனைகள்; அவை இரவுதோறும் தாமே ஓட வேண்டும். வெளியூரில் இத்துறையில் பணிபுரியும் நம் இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு வந்து வழிகாட்டுவார்கள் என நம்புகின்றேன்.

அதே கூடத்தில் இன்னொரு பணியும் நடைபெறலாம். பொதுமக்கள் விண்ணப்பிக்கும் தளங்களில் யாருக்கேனும் இடர் நேர்ந்தால், இயந்திரம் இன்றி, சாதாரணப் பயனராகவே அதனைச் செய்து பார்த்து, எந்தக் கைப்பேசி, எந்த உலாவி, எந்தப் பதிப்பு, எத்தனையாவது படி, திரையில் தோன்றியது என்ன என்று படத்துடன் எழுதி உரிய அலுவலகத்திற்கு அனுப்புக. 'உங்கள் தளம் சரியில்லை' என்னும் மனு குப்பைக்குப் போகும். 'இந்தக் கைப்பேசியில், இந்தப் படியில், இந்தப் பொத்தான் மறைகின்றது. படம் இணைத்துள்ளோம்' என்னும் மனுவைப் பொறியாளர் ஒருவர் படித்தே தீர வேண்டியிருக்கும். நம் முன்னோர் எழுதத் தெரிந்தவரைத் தேடிச் சென்று மனு எழுதினர். நாம் சான்றோடு எழுதுவோம்.

அடுத்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பம் திறக்கும் நாளில், நம் தாய்மார் எவரும் ஒரு பொத்தானுக்காக ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறாதிருக்கும் நிலையை உருவாக்குவோமாக.  சங்கம் வளர்க! நம் பிள்ளைகள் கல்வியில் ஓங்குக!